நோய் வருமுன் ஓர் ஒத்திகை

கோபர்கைரனேயில் எங்கள் குடியிருப்பின் வாசலில் ஒரு சிமெண்ட் பெஞ்சு உண்டு. மாலை ஆறு மணிக்கு மேல் ஓய்வு பெற்றவர்கள் நாலைந்து பேர் அதில் கூடுவோம். சர்க்கரை, ரத்த அழுத்தம், பென்ஷன், ஊரில் மழை என்று பேச்சு ஓடும். சென்ற ஆண்டு ஒருநாள், செம்பூரில் இருக்கும் என் தம்பியின் மகளைப் பற்றிப் பேச்சு வந்தது. "டாக்டருக்குப் படிச்சான்னு சொன்னீங்களே சார், எந்த ஆஸ்பத்திரியில இருக்கா?" என்று ஒரு நண்பர் கேட்டார். கால்நடை மருத்துவர், அரசாங்க வேலை, வடக்கு மகாராஷ்டிரத்தில் ஒரு தாலுகாவில் இருக்கிறாள் என்றேன். "ஓ, மாட்டு டாக்டரா?" என்றார். அவர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. ஆனாலும் அந்த "ஓ" என்னை இரண்டு நாள் தூங்க விடவில்லை.

அன்று அவருக்குச் சொல்ல வாய் வராத பதிலை இங்கே எழுதிப் பார்க்கிறேன். நான் எழுத்தாளன் அல்லன். மாதுங்கா வி.ஜே.டி.ஐ.யில் டிப்ளமோ முடித்து, மத்திய ரயில்வேயில் பெட்டிகளையும் வாகன்களையும் பரிசோதிக்கும் பிரிவில் நாற்பது வருடம் கழித்தவன். பிழை இருந்தால் வாசகர்கள் பொறுத்தருள வேண்டும்.

எங்களை ரயிலேற்றிய சாவு

எங்கள் ஊர் சங்கரன்கோவிலுக்குப் பக்கம். அப்பாவுக்கு ஒன்றரை ஏக்கர் புஞ்சையும் ஒரு ஜோடி உழவு மாடும் இருந்தன. 1968-ஆம் வருடம், எனக்குப் பதினொரு வயது. நீண்ட வெயிலுக்குப் பிறகு ஒரு மழை பெய்து, குளத்தங்கரையில் புல் துளிர்த்திருந்தது. அப்பா மாடுகளை அங்கே மேய்த்துக் கட்டினார். ராத்திரி வைக்கோல் தின்ற மாடு விடியும்போது வயிறு ஊதிச் செத்துக் கிடந்தது. மற்றது அன்று மத்தியானம் நடுங்கிக்கொண்டே விழுந்தது.

"அடைப்பான்" என்றார் ஒருவர். "வெக்கை" என்றார் இன்னொருவர். "கண்ணேறு" என்றாள் பாட்டி. தோலாவது விலைக்குப் போகட்டும் என்று ஒரு பெரியவரை அழைத்து வந்து உரிக்கச் சொன்னார்கள். பக்கத்து ஊரிலிருந்து கால்நடை மருத்துவர் வந்தது நான்காம் நாள். அதற்குள் உரித்த உடல்கள் குளத்தங்கரையில் புதைக்கப்பட்டுவிட்டன. பார்க்க அவருக்கு எதுவும் மிச்சமில்லை. மீதி மாடுகளுக்கு ஊசி போட்டுவிட்டுப் போனார். அவரைக் குறை சொல்ல மாட்டேன். இருபது முப்பது கிராமத்துக்கு ஒருவர், கையில் ஒரு சைக்கிள்.

தோல் உரித்த பெரியவரின் முன்கையில் ஒரு வாரத்தில் கருப்பாக ஒரு புண் வந்தது. வலிக்கவில்லை என்று சொல்லிக்கொண்டிருந்தார். பிறகு கை வீங்கிக் காய்ச்சல் கண்டது. பதினைந்து நாளில் இறந்துபோனார். மாட்டையும் அவரையும் சேர்த்து நினைத்துப் பார்க்க அன்று யாருக்கும் தோன்றவில்லை.

"மாடு போச்சு, இனி காடு எதுக்குல" என்று அப்பா நிலத்தை விற்றார். 1969-இல் தாராவிக்கு வந்து சேர்ந்தோம். ஏன் பம்பாய்க்கு வந்தீர்கள் என்று யார் கேட்டாலும் பிழைக்க வந்தோம் என்போம். எங்களை ரயிலேற்றியது இரண்டு மாடுகளின் சாவு என்பதைச் சொல்வதில்லை. என்ன நோய் என்பது ஐம்பது வருடத்துக்கு மேல் எங்கள் வீட்டில் யாருக்கும் தெரியாது.

பரேலில் ஒரு பழைய கல்லூரி

மாதுங்காவிலும் செம்பூரிலும் இருக்கும் நம்மவர்கள் பரேல் வழியாக ஆயிரம் தடவை போயிருப்போம். கே.இ.எம். தெரியும், டாட்டா ஆஸ்பத்திரி தெரியும். அதே பரேலில் 1886-இல் தொடங்கிய பம்பாய் கால்நடை மருத்துவக் கல்லூரி இருப்பது பலருக்குத் தெரியாது. தின்ஷா பெட்டிட் குடும்பத்தார் கொடுத்த கொடையில் எழுந்த விலங்கு மருத்துவமனையோடு சேர்ந்து வளர்ந்த கல்லூரி அது. நம் சென்னையில் கால்நடை மருத்துவக் கல்லூரி 1903-இல்தான் வந்தது.

அந்தக் காலத்தில் இவற்றைத் தொடங்கக் காரணமே கொள்ளை நோய்தான். வெக்கை நோய் வந்தால் ஊர் ஊராகத் தொழுவங்கள் காலியாகும், உழவு நிற்கும், அடுத்து பஞ்சம். வெள்ளைக்காரச் சர்க்கார் மாட்டுக் கொள்ளை நோயை ஆராய ஒரு ஆணைக்குழுவே போட்டது. 1889-இல் புனேயில் ஓர் ஆய்வுக்கூடம் தொடங்கி, 1893-இல் அதை இமயமலைச் சரிவில் உள்ள முக்தேஷ்வருக்கு மாற்றினார்கள். நோய்க்கிருமியை வைத்து வேலை செய்யும் இடம் ஊரை விட்டுத் தள்ளி இருக்க வேண்டும் என்ற முன்யோசனை!

தம்பி மகள் 2017-இல் பரேல் கல்லூரியில் சேர்ந்தபோது வீட்டில் சண்டை. எம்.பி.பி.எஸ். கிடைக்கவில்லை என்பதால் இதில் சேர்ந்தாள் என்று உறவினர்கள் பேசிக்கொண்டார்கள். அவள் விரும்பிச் சேர்ந்ததை யாரும் நம்பவில்லை. உண்மையைச் சொன்னால் நானும் முதலில் நம்பவில்லை.

நவாபூர் ஸ்டேஷன் பெஞ்சு

வேலை கிடைத்துப் போன பிறகு அவளைப் பார்க்க ஒருமுறை போனேன். போகிற வழியில், சூரத்தில் வண்டி மாறி, நவாபூரில் இறங்கினேன். ரயில்வேக்காரர்களுக்கு நவாபூர் ஒரு வேடிக்கையான ஸ்டேஷன். மாநில எல்லை ஸ்டேஷனின் குறுக்கே போகிறது. டிக்கெட் கவுண்டர் மகாராஷ்டிரத்தில், ஸ்டேஷன் மாஸ்டர் அறை குஜராத்தில். ஒரு பெஞ்சின் பாதி இங்கே, பாதி அங்கே. நானும் அதன் நடுவில் உட்கார்ந்து ஒரு போட்டோ எடுத்துக்கொண்டேன்.

அந்த ஊரில்தான் இந்தியாவில் முதன்முதலாகப் பறவைக் காய்ச்சல் உறுதிப்படுத்தப்பட்டது என்பதைத் தம்பி மகள்தான் நினைவுபடுத்தினாள். 2006 பிப்ரவரி 18. பண்ணைகளில் கோழிகள் சாக ஆரம்பித்தபோது, வழக்கமாக வரும் ராணிக்கெட் நோய் என்றுதான் நினைத்தார்கள். நம்மூரில் வெள்ளைக் கழிச்சல் என்போமே, அதேதான். இரண்டுக்கும் அறிகுறி கிட்டத்தட்ட ஒன்று. போபாலில் உள்ள உயர் பாதுகாப்பு ஆய்வுக்கூடம் மாதிரிகளைச் சோதித்துச் சொன்ன பிறகுதான் எச்5என்1 என்று தெரிந்தது.

நோய்க்கு எல்லைக்கோடு ஏது? குஜராத்தின் உச்சல் பக்கமும், பிறகு ஜல்காவிலும், மத்தியப் பிரதேசத்திலும் தலைகாட்டியது. நோய் கண்ட இடத்தைச் சுற்றி 3 கிலோமீட்டர் வட்டம் போட்டு, அதற்குள் இருந்த கோழிகளையெல்லாம் அழித்தார்கள். அந்த முதல் தாக்குதலில் மட்டும் மூன்று மாநிலங்களிலும் சேர்த்து ஏறத்தாழ பத்து லட்சம் பறவைகள். நாடெங்கும் ஜனங்கள் கோழியும் முட்டையும் வாங்குவதை நிறுத்தினார்கள். ரயில் வண்டிகளில் கோழி, முட்டை பரிமாறுவது நின்றது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. ஆயிரம் மைலுக்கு அப்பால் நாமக்கல்லில் முட்டை விலை சரிந்து பண்ணைக்காரர்கள் தலையில் கை வைத்தார்கள்.

அவள் அலுவலகத்தில் ஒரு மூத்த மருத்துவரைச் சந்தித்தேன். 2006-இல் நவாபூரில் வேலை செய்தவர். "புத்தகத்தில் படித்திருந்தோம். ஆனால் யாரும் பார்த்ததில்லை" என்றார் இந்தியில். தலை முதல் கால் வரை மூடும் உடையைப் பலர் அன்றுதான் முதலில் போட்டார்களாம். பத்து நிமிடத்தில் உள்ளே வியர்வை ஊற்றும். கண்ணாடியில் ஆவி படிந்து எதிரில் இருப்பவர் தெரியாது. "ஒரு கோழியைப் பிடிப்பது சுலபம். பத்தாயிரம் கோழியைப் பிடிப்பது எப்படி என்று எந்தக் கல்லூரியில் சொல்லிக் கொடுத்தார்கள்?" என்று கேட்டார். கோழியை இழந்த பண்ணைக்காரர் முன்னால் நின்று பேசுவதுதான் எல்லாவற்றையும் விடக் கடினமாக இருந்ததாம்.

அந்த அனுபவத்துக்குப் பிறகு திட்டங்கள் திருத்தப்பட்டன. 2008-இல் மேற்கு வங்கத்தில் நாற்பது லட்சத்துக்கும் மேற்பட்ட பறவைகளை அழிக்க வேண்டி வந்தது, இன்னும் பெரிய பாடம். மாவட்டங்களில் விரைவு நடவடிக்கைக் குழுக்கள் அமைந்தன. 2022 பிப்ரவரியில் நம் தாணே மாவட்டத்து ஷஹாபூர் தாலுகா வேலோலி கிராமத்தில் அதே காய்ச்சல் வந்தபோது, ஒரு கிலோமீட்டர் வட்டத்துக்குள் வேலை முடிந்தது. நம்மில் பலருக்கு அப்படி ஒன்று நடந்ததே தெரியாது. அதற்கு முந்தின வருடம் ஜனவரியில் செம்பூரில் காகங்கள் செத்து விழுந்து பறவைக் காய்ச்சல் என்று உறுதியானதே, அது மட்டும் ஞாபகம் இருக்கலாம்.

அரசூர் ஆடுகள்

வந்த நோயை இன்ன நோய் என்று அறிவது எவ்வளவு பெரிய காரியம் என்பதற்கு நம் தமிழ்நாட்டிலேயே உதாரணம் இருக்கிறது. 1987-இல் விழுப்புரத்துக்கு அருகே அரசூரில் ஆடுகள் மூக்கொழுகி, வாயில் புண்ணாகி, கழிச்சல் கண்டு செத்தன. பார்த்தால் வெக்கை நோய் போலவே இருக்கும். சோதித்ததில் அது வேறு நோய் என்று தெரிந்தது. ஆட்டுக்கொல்லி நோய் என்று இன்று நாம் அழைக்கும் பி.பி.ஆர். இந்தியாவில் முதலில் கண்டறியப்பட்டது அங்கேதான். யாரோ ஒருவர் வழக்கமான நோய் என்று விட்டுவிடாமல் சந்தேகப்பட்டு மாதிரி எடுத்ததால் வந்த தெளிவு அது.

வெக்கை நோயின் கதையும் தமிழ்நாட்டில்தான் முடிந்தது. இந்தியாவில் கடைசியாக அது கண்டது 1995-இல், வட ஆற்காடு மாவட்டத்தில். பிறகு தடுப்பூசி போடுவதையும் நிறுத்தி, கிராமம் கிராமமாகப் போய் எங்கேனும் அந்த நோய் ஒளிந்திருக்கிறதா என்று கால்நடைத் துறையினர் தேடினார்கள். 2006-இல் இந்தியா அந்த நோய்த்தொற்று இல்லாத நாடு என்று உலக அமைப்பு ஒப்புக்கொண்டது. 2011-இல் உலகத்திலிருந்தே ஒழிந்தது. பெரியம்மைக்குப் பிறகு மனிதன் முற்றிலும் ஒழித்த இரண்டாவது நோய் இது. நம் மாட்டாஸ்பத்திரிக்காரர்களுக்கு இதில் எவ்வளவு பங்கு! ஒருவர் பெயராவது நமக்குத் தெரியுமா?

ஆனால் ஒழிந்ததில் ஒரு சங்கடமும் உண்டு. இன்று கல்லூரியை விட்டு வரும் பிள்ளைகள் வெக்கை நோயைக் கண்ணால் கண்டதில்லை. அது நல்லதுதான். எந்த நோய் குறைகிறதோ அதை அடையாளம் காணும் கண்ணும் குறைந்துபோகும். பிரிட்டனில் அதுதான் நடந்தது.

புண்ணின் வயது

பிரிட்டனில் 1967-68-க்குப் பிறகு கோமாரி நோய் பெரிதாக வரவில்லை. 2001 பிப்ரவரியில் எஸ்ஸெக்ஸில் ஓர் இறைச்சிக்கூடத்தில் பன்றிகளைச் சோதித்த மருத்துவர் கண்டுபிடித்தபோது, அது ஆட்டுச் சந்தைகள் வழியாக ஐம்பதுக்கும் மேற்பட்ட பண்ணைகளுக்குப் போய்விட்டிருந்தது. அறுபது லட்சத்துக்கும் மேல் கால்நடைகள் கொல்லப்பட்டன. வேலைக்கு ஆள் போதாமல் பல நாடுகளிலிருந்து மருத்துவர்களை வரவழைத்தார்கள். உள்ளூர் மருத்துவர்களில் பலர் முப்பது வருடமாக அந்த நோயையே பார்த்திராதவர்கள்.

நோய் இல்லாத நாட்டு மருத்துவர் அதை எங்கே போய்ப் பார்ப்பது? உலக உணவு வேளாண்மை அமைப்பின் ஐரோப்பியக் கோமாரிக் குழு இதற்கு ஒரு வழி செய்தது. 2009 முதல், நோய் நிஜமாகவே இருக்கும் இடங்களுக்கு, முதலில் துருக்கிக்கும் பிறகு கென்யாவுக்கும், ஐரோப்பிய மருத்துவர்களை அழைத்துப் போய் அங்குள்ள தொழுவத்திலேயே பயிற்சி கொடுக்கிறார்கள். அதில் ஒரு பாடத்தைத் தம்பி மகள் சொன்னபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது. மாட்டின் நாக்கிலும் குளம்பிடுக்கிலும் உள்ள புண்ணைப் பார்த்து அதன் வயதைச் சொல்ல வேண்டும். கொப்புளம் உடையாமல் இருந்தால் ஒன்றிரண்டு நாள். உடைந்து ஓரம் கிழிந்திருந்தால் அடுத்த நாள். ஓரம் மங்கித் தழும்பு கட்டினால் ஒரு வாரத்துக்கும் மேல். வயது தெரிந்தால் நோய் எந்தத் தேதியில் உள்ளே வந்தது என்று பின்னோக்கிக் கணக்கிடலாம். அந்தத் தேதியில் யார் மாடு வாங்கினார்கள், எந்தப் பால் வண்டி வந்தது, யார் சந்தைக்குப் போனார்கள் என்று கேட்டு அடுத்து எந்த ஊர் என்பதைப் பிடிக்கலாம்.

நாங்களும் இதையேதான் செய்தோம்! உடைந்த தண்டவாளமோ ஆக்சிலோ கிடைத்தால் முறிந்த முகத்தைப் பார்ப்போம். துருவேறிக் கறுத்த பகுதி பழைய விரிசல். பளபளக்கும் பகுதி இன்று முறிந்தது. கறுப்பு எவ்வளவு, பளபளப்பு எவ்வளவு என்பதிலிருந்து விரிசல் எத்தனை நாளாக ஒளிந்திருந்தது, கடைசியாகப் பரிசோதித்தபோது தப்பவிட்டோமா என்பது தெரியும். வண்டி யார்டுக்குள் வரும்போது ஓரமாக நின்று ஆக்சில் பாக்ஸின் சூட்டைக் கையால் தொட்டுப் பார்ப்போம். எது சாதாரணச் சூடு, எது ஆபத்தான சூடு என்பது ஆயிரம் பாக்ஸைத் தொட்ட கைக்குத்தான் தெரியும். எனக்குக் கற்றுக்கொடுத்தவர் படிக்காத ஒரு ஃபிட்டர்.

1.4 கோடி மாடுகளும் பயிற்சி மாணவர்களும்

2022 ஆகஸ்டில் ஜல்காவ் மாவட்டத்தில் மாடுகளின் உடம்பெல்லாம் கட்டி கட்டியாகத் தோல் கழலை நோய் வந்தது. லம்பி என்று பத்திரிகைகள் எழுதினவே, அதுதான். இந்தியாவுக்கு அது புதிய நோய். 2019-இல் ஒடிசாவில் முதலில் கண்டது. கொசு, ஈ, உண்ணி வழியாகப் பரவும். மனிதருக்கு ஒட்டாது. 2022-இல் நாடு முழுவதும் ஒன்றரை லட்சத்துக்கும் மேல் மாடுகள் மாண்டன. ஆட்டம்மைத் தடுப்பூசியே இதற்கும் பயன்பட்டது. மகாராஷ்டிரத்தில் ஏறத்தாழ 1.4 கோடி மாடுகள். எல்லாவற்றுக்கும் ஊசி போடுவது என்று முடிவாயிற்று. ஆள்? கால்நடை மருத்துவக் கல்லூரிகளில் கடைசி வருடப் பயிற்சியில் இருந்த பிள்ளைகளையும் களத்தில் இறக்கினார்கள்.

எங்கள் வீட்டுப் பெண்ணும் போனாள். வீட்டுக்குப் பேசுவதே குறைந்தது. ஒருநாள் இரவு எனக்கு போன். "பெரியப்பா, இன்னைக்கு ஒருத்தர் என்னை அடிக்க வந்துட்டார்" என்றாள். ஊசி போட்டால் பால் வற்றிவிடும் என்று ஊரில் பேச்சாம். விதவைத் தாய், ஒரு மகன், ஒரே பசு. அவன் கம்பை எடுத்துக்கொண்டு வாசலில் நின்றிருக்கிறான்.

"நீ என்ன பண்ணுனே?"

"ஊசியைப் பெட்டிக்குள்ள வச்சிட்டு, திண்ணையில உட்கார்ந்து அவங்கம்மா கிட்ட தண்ணி கேட்டேன். அரை மணி நேரம் பசுவைப் பத்தியே பேசினோம். அப்புறம் அவங்களே கயித்தைப் பிடிச்சாங்க."

இதுவும் பயிற்சியில் சொல்லிக் கொடுத்ததா என்று கேட்டேன். "சொல்லிக் கொடுத்தாங்க பெரியப்பா, ஆனா கம்பை வச்சிக்கிட்டு யாரும் சொல்லிக் கொடுக்கல" என்று சிரித்தாள். மாட்டுக்காரன் மறைத்தால் நோய் மறையும். மறைந்த நோய் பரவும். ஈடு கிடைக்கும், நம்மை ஏமாற்ற மாட்டார்கள் என்ற நம்பிக்கை இருந்தால்தான் அவன் முதல் நாளே சொல்வான். எந்த ஆய்வுக்கூடமும் அதற்குப் பிறகுதான்.

மணி அடித்தால் கிளம்ப வேண்டும்

ரயில்வேயில் விபத்து நிவாரண வண்டி என்று ஒன்று எப்போதும் தயாராக நிற்கும். மருத்துவ வண்டி, இருபக்கமும் வழியுள்ள சைடிங்கில் நின்றால், உத்தரவு வந்த 15 நிமிடத்தில் கிளம்பியாக வேண்டும். விபத்தே இல்லாத மாதங்களில் திடீரென்று ஹூட்டர் ஊதும். நள்ளிரவில் சட்டையைப் பாதி போட்டுக்கொண்டு ஓடியிருக்கிறேன். போய்ச் சேர்ந்தால் "ஒத்திகை" என்பார்கள். திட்டிக்கொண்டே திரும்புவோம். நிஜமாகவே ஒரு ராத்திரி பெட்டிகள் தடம் புரண்டு கிடந்த இடத்துக்குப் போய் இறங்கியபோது, யாரும் யாரிடமும் எதுவும் கேட்கவில்லை. ஜாக்கி எங்கே, விளக்கு எங்கே, யார் எந்தப் பெட்டிக்கு என்பது கைகளுக்குத் தெரிந்திருந்தது. திட்டிய ஒத்திகைகளுக்கெல்லாம் அன்று மனத்துக்குள் மன்னிப்புக் கேட்டேன்.

கால்நடைத் துறையிலும் இப்போது அப்படிப்பட்ட ஒத்திகைகள் நடக்கின்றன. 2024 ஆகஸ்ட் 27 முதல் 31 வரை ராஜஸ்தானின் அஜ்மீர் மாவட்டத்தில் விஷாணு யுத்த அப்யாஸ் என்ற பெயரில், விலங்கிலிருந்து மனிதருக்குத் தாவும் நோய் ஒன்று வந்துவிட்டதாகப் பாவித்து, மனித மருத்துவர்கள், கால்நடை மருத்துவர்கள், வனத்துறையினர் சேர்ந்து ஒத்திகை நடத்தினார்கள். தம்பி மகளும் தன் மாவட்டத்தில் பறவைக் காய்ச்சல் பயிற்சிக்குப் போய் வந்தாள். உடையைப் போடுவதை விடக் கழற்றுவதுதான் கஷ்டமாம். கையுறையில் ஒரு பொடியைத் தடவி வேலை செய்யச் சொல்வார்கள். எல்லாவற்றையும் கழற்றிக் கை கழுவிய பிறகு விளக்கை அணைத்து ஒரு நீல ஒளியை அடிப்பார்கள். பொடி எங்கெல்லாம் ஒட்டியிருக்கிறதோ அங்கெல்லாம் மின்னும். முதல் தடவை அவளுக்குக் காதோரம் மின்னியதாம். "அது நிஜக் கிருமியா இருந்தா, ஹாஸ்டலுக்குக் கொண்டு போயிருப்பேன்" என்றாள்.

மாதிரியை மூன்று அடுக்காகக் கட்டிப் பனிக்கட்டியில் வைத்து அனுப்புவது, வட்டம் போட்டு வண்டிகளை நிறுத்துவது, புதைக்கும் குழிக்கு நீர்மட்டம் பார்த்து இடம் தேர்ந்தெடுப்பது என்று பாடம் நீள்கிறது. இத்தனையும் ஒரு தாலுகா மருத்துவர் தலையில். அவர்கள் வேலைப்பளு தீரவில்லை. பல இடங்களில் பணியிடங்கள் காலியாக இருக்கின்றன. நிவாரண வண்டி தயார், ஆனால் டிரைவர் இல்லை என்றால் எப்படி இருக்கும்?

ஐம்பத்தாறு வருடம் கழித்து ஒரு விசாரணை

சென்ற தீபாவளிக்கு அவள் கோபர்கைரனே வந்திருந்தாள். சாப்பிட்டுவிட்டுப் பேசிக்கொண்டிருந்தபோது ஊர் மாடுகளின் கதையைச் சொன்னேன். அதுவரை அவளிடம் சொன்னதில்லை. அவள் முகம் மாறிவிட்டது. என் தம்பி மகளாக உட்கார்ந்திருந்தவள் அதிகாரியாகக் கேள்வி கேட்க ஆரம்பித்தாள்.

"வறட்சிக்கு அப்புறம் மழையா பெரியப்பா? எங்கே மேஞ்சது? மூக்கில ரத்தம் வந்துதா?"

வந்தது. கறுப்பாக, தார் மாதிரி. சாணம் வரும் வழியிலும்.

"உறைஞ்சுதா?"

உறையவில்லை. தோலுரித்த இடத்தில் மண்ணெல்லாம் நனைந்து கிடந்தது இப்போதும் கண்ணில் நிற்கிறது.

"உரிச்சவர் கையில புண் வந்துதா? கறுப்பா? வலி இல்லாம?"

அந்தப் பெரியவரைப் பற்றி நான் இன்னும் சொல்லியிருக்கவே இல்லை. அவளாகக் கேட்டாள். எனக்குப் பேச்சு வரவில்லை. தலையை மட்டும் ஆட்டினேன்.

"அது அடைப்பான்தான் பெரியப்பா. ஆந்த்ராக்ஸ். மாதிரி இல்லாம சத்தியம் பண்ண முடியாது. ஆனா நான் பார்த்திருந்தா அந்த உடம்பைத் தொட விட்டிருக்க மாட்டேன். காது நரம்புல ஒரு சொட்டு ரத்தம் எடுத்து ஸ்லைடுல தடவியிருப்பேன். அறுக்காம, உரிக்காம, ஆழமாக் குழி தோண்டி சுண்ணாம்பு போட்டுப் புதைச்சிருப்போம். அவருக்கு அன்னைக்கே பென்சிலின் போட்டிருந்தா பிழைச்சிருப்பார்."

பிறகு அவள் கேட்டதுதான் என்னைத் தூக்கிவாரிப் போட்டது. "எங்கே புதைச்சாங்க?" குளத்தங்கரை, ஆலமரத்துக்குக் கீழ்ப்பக்கம் என்றேன். "இப்ப அங்கே என்ன இருக்கு?" உடம்பைத் திறந்து ரத்தம் காற்றுப்பட்டால் அந்தக் கிருமி விதை போல ஓடு கட்டிக்கொண்டு மண்ணில் பல பத்தாண்டு உயிரோடு கிடக்குமாம். மழை வந்து மண் கிளறினால் புல்லோடு மேலே வரும்.

என் சித்தப்பா மகன் அந்தக் கரையில்தான் இருபது ஆடு மேய்க்கிறான்.

ராத்திரி ஒன்பதரை மணிக்கு அவனுக்கு போன் போட்டேன். "என்னண்ணே, இந்நேரத்துல?" என்று பயந்துவிட்டான். அவளே பேசினாள். "சித்தப்பா, உங்க ஊர் மாட்டாஸ்பத்திரியில போய், இந்தக் கரையில முன்னாடி அடைப்பான் வந்திருக்குன்னு சொல்லுங்க. வருஷா வருஷம் ஊசி போடணும். திடீர்னு ஆடு செத்தா, ரத்தம் வந்தா, தொடாதீங்க, அறுக்காதீங்க. உடனே 1962-க்கு போன் பண்ணுங்க." அவன் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "போன மழைக்கு ரெண்டு ஆடு அப்படித்தாம்மா போச்சு. பாம்பு கடின்னு நெனச்சோம்" என்றான்.

அந்த ஆடுகளை என்ன செய்தாய் என்று அவள் கேட்டாள். நல்லவேளை, அறுக்காமல் புதைத்திருந்தான். மறுநாள் காலை ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சொல்லி, மருத்துவர் வந்து பார்த்து, அந்த வாரத்திலேயே கரையோர ஆடு மாடுகளுக்கெல்லாம் ஊசி போட்டுவிட்டார்கள்.

வாசகர்களில் பலருக்கு ஊரில் இன்னும் தொழுவம் இருக்கும். அண்ணனோ மாமாவோ நாலு மாடு வைத்திருப்பார். அடுத்த தடவை போன் பேசும்போது, மழையைக் கேட்பது போல, ஊசி போட்டாயிற்றா என்றும் கேளுங்கள். 1962 என்ற எண்ணையும் சொல்லி வையுங்கள். பன்னிரண்டாம் வகுப்பு முடித்த பிள்ளை இந்தப் படிப்பைக் கேட்டால், "ஓ" என்று சொல்லாமல் சேர்த்துவிடுங்கள்.

பெஞ்சு நண்பருக்கு இந்தக் கதையைச் சொன்னேன். அவருக்குச் சொந்த ஊர் கோவில்பட்டி பக்கம். கேட்டு முடித்ததும் எழுந்து கொஞ்சம் தள்ளிப் போய், ஊரில் இருக்கும் தன் அக்காவுக்கு போன் செய்தார்.